வெர்வெட் குரங்கின் குரலும் வரிச்சில்லையின் பாட்டும்: மொழித்தோற்ற ஆய்வு நோக்கில் ஓர் ஒப்பீடு

மொழியின் தோற்றத்தை ஆராய்வோர், மனிதனுக்கு மரபால் நெருங்கிய உயிரினங்களிலேயே முதலில் சான்று தேடுவர். அத்தேடல் மட்டும் போதாது என்பதை ஆப்பிரிக்க வெர்வெட் குரங்கையும் ஆஸ்திரேலிய சீப்ரா ஃபிஞ்சுப் பறவையையும் ஒப்பிட்டு அறியலாம். பின்னது தமிழில் சில்லை எனப்படும் பறவைகளின் குடும்பத்தது. ஆதலின் இங்கு வரிச்சில்லை எனச் சுட்டப்படுகிறது.

கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த செய்ஃபார்த், செனி, மார்லர் ஆகியோர் 1980இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகியவற்றைக் கண்டவிடத்து அவை வெவ்வேறு குரல் எழுப்பின. பதிவுசெய்த குரலை மறைவிலிருந்து ஒலிக்கச் செய்தபோதும், சிறுத்தைக் குரலுக்கு மரமேறின. கழுகுக் குரலுக்கு மேல்நோக்கின. பாம்புக் குரலுக்கு நிலத்தை உற்றுநோக்கின. இவற்றைச் 'சொல்' எனக் கொள்வாரும் உளர். அது மிகைக்கூற்று. கழுகுக் குரல் 'கழுகு' என்னும் பெயரா, 'மேலே பார்' என்னும் ஏவலா? குரங்கின் நடத்தையைக் கொண்டு மட்டும் இதனைத் துணிய இயலாது. இலக்கணப் பயிற்சியுடையோர் இவ்விடத்தில் தயங்குவதே முறை.

மேலும், அக்குரலின் வடிவம் பெரிதும் பிறவியிலேயே அமைந்தது. உதிரும் இலைக்கும் கழுகுக் குரல் எழுப்பும் குட்டி, நாளடைவில் அதனை உரிய இடத்தில் ஆளக் கற்கிறது. புதியதோர் ஒலியை ஆக்கிக்கொள்வதில்லை. செனகலில் வாழும் உறவினமான பச்சைக் குரங்குகள் முன்பின் அறியாத ஆளில்லா வானூர்தியைக் கண்டு எழுப்பிய குரல், வெர்வெட்டின் கழுகுக் குரலை ஒத்திருந்ததாக 2019ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

வரிச்சில்லையின் நிலை இதற்கு மறுதலை. இவ்வினத்தில் ஆண்பறவையே பாடும். தந்தையிடமோ வேறொரு மூத்த ஆணிடமோ கேட்டுக் கற்கும். முதலில் மழலைபோலக் குழறி, ஏறத்தாழ 90 நாள் அகவையில் தனக்கென ஒரு பாட்டை நிலைநிறுத்திக்கொள்ளும். தனித்து வளர்க்கப்பட்ட குஞ்சின் பாட்டு இயல்பு திரிந்தே அமையும். ஆயினும் அப்பாட்டின் கூறுகள் எப்பொருளையும் சுட்டுவதில்லை. பாடுபவன் இன்னான் என்பதை உணர்த்துவதும் துணையை ஈர்ப்பதுமே அதன் பயன்.

பறவைக்கும் மனிதனுக்கும் பொது மூதாதை வாழ்ந்தது 30 கோடி ஆண்டுகட்கும் முன்பு. எனவே ஒலிகற்கும் திறன் இவ்விரு மரபிலும் தனித்தனியே தோன்றியது எனக் கொள்வர். எனினும் அதற்கு அடிப்படையான கூறுகள் முற்றிலும் வேறல்ல. மாந்தரிடம் ஃபாக்ஸ்பி2 மரபணு பழுதுற்றால் பேச்சு குன்றும். இளம் வரிச்சில்லையின் மூளையில் பாட்டுக் கற்றலுக்குரிய ஒரு பகுதியில் அதே மரபணுவின் செயற்பாட்டைக் குறைத்தபோது, அப்பறவை தன் ஆசானின் பாட்டைக் குறைபடவும் பிழைபடவுமே பாடியதாக 2007இல் கண்டறியப்பட்டது.