டெஸ்ட் வரக் காரணமானவரே அந்த டெஸ்ட்டை எடுக்கவில்லை... ஏன்? - நான்சி வெக்ஸ்லரின் கதை

'உங்களுக்கு நடுத்தர வயதில் ஒரு மூளை நோய் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால், வருமா வராதா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையில் இப்போதே சொல்லிவிட முடியும்.' இப்படி ஒரு டாக்டர் சொன்னா, நீங்க அந்த டெஸ்ட்டை எடுப்பீங்களா?

டக்குனு பதில் வரலைதானே? அந்த டெஸ்ட் உருவாக முக்கியக் காரணமாக இருந்த விஞ்ஞானி நான்சி வெக்ஸ்லருக்கும் இதே கேள்விதான்.

காலையில் கேட்ட ஒரு கேள்வி

1968, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். நான்சியின் அம்மா லியோனோர், ஒரு நாள் காலையில் சாலையைக் கடக்கிறார். நடை தள்ளாடுகிறது. 'காலங்காத்தாலேயே குடிச்சிருக்கீங்களா?' என்று சத்தம் போடுகிறார் ஒரு போலீஸ்காரர். லியோனோர் குடிக்கவில்லை. டாக்டரிடம் போனபோதுதான், அது ஹன்டிங்டன் நோய் என்று தெரிந்தது. அவருடைய அப்பாவையும், கூடப்பிறந்த மூன்று பேரையும் கொண்டுபோன அதே நோய்.

ஹன்டிங்டன், மூளையின் நரம்பு செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். கை, கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாக அசையும். பிறகு மனநிலை, யோசனை, பேச்சு, சாப்பாட்டை விழுங்குவது என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். பெரும்பாலும் 30-லிருந்து 50 வயதுக்குள் தொடங்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு. காசு சுண்டிப் பார்க்கிற மாதிரிதான்... பூவா, தலையா?

இதை மகள்களிடம் சொன்னவர் அப்பா மில்டன். மனைவியோடு முன்பே விவாகரத்து ஆகியிருந்தது. ஆனாலும், அதே ஆண்டில் இந்த நோயின் ஆராய்ச்சிக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். உளவியல் படித்த நான்சி, இந்த நோய் வரும் ஆபத்தோடு வாழ்பவர்களைப் பற்றியே ஆராய்ந்து, 1974-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1978-ல் அம்மா இறந்துபோனார்.

ஏரிக்கரையில் ஒரு பெரிய குடும்பம்

வெனிசுலாவில் மராகைபோ ஏரியையொட்டி ஏழை மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. சில வீடுகள் தண்ணீருக்குள் கட்டைகளை நட்டுக் கட்டியவை. உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே ஹன்டிங்டன் இருந்தது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'எல் மால்'. கெட்டது என்று அர்த்தம்.

1979-ல் நான்சி அங்கே போனார். பிறகு ஆண்டுதோறும் ஒரு குழுவோடு போனார். பெரிய குடும்பம் கிடைத்தால், நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, டி.என்.ஏ-வின் எந்தப் பகுதி நோயோடு சேர்ந்தே தலைமுறை தாண்டுகிறது என்று பார்க்கலாம். அதுதான் திட்டம்.

ஆனா, யாரோ வெளியூர்க்காரங்க வந்து ரத்தமும் தோலும் கேட்டா யார் கொடுப்பாங்க? நான்சியும் ஆய்வுக்காகத் தன் தோலைக் கொடுத்தவர். கையில் இருந்த அந்தத் தழும்பைக் காட்டினார். 'எங்க அம்மாவுக்கும் இதே நோய்தான்' என்றார். மக்கள் நம்பினார்கள். 4,000-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேர்ந்தன. வம்சாவளி வரைபடம் 18,000 பேரைத் தொட்டது.

1983-ல், கோளாறு 4-வது குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. அடுத்த 10 ஆண்டுகள் தேடி, 1993-ல் மரபணுவையே பிடித்தார்கள். அந்த மரபணுவில் 'சி.ஏ.ஜி' என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் வரும்.

தெரிஞ்சுக்கணுமா, வேண்டாமா?

1983 கண்டுபிடிப்பால், சில ஆண்டுகளிலேயே டெஸ்ட் வந்துவிட்டது. குணப்படுத்தும் மருந்து இன்றுவரை வரவில்லை. நான்சியும் அக்கா ஆலிஸும் டெஸ்ட் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். 'இருக்கு' என்று வந்தால், மிச்சமுள்ள நாள்களும் அந்த ஒரு வரியோடுதான் விடியும். இது பயம் மட்டும் இல்லை. தெரிந்துகொள்வது உரிமை என்றால், தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் உரிமைதான். அதனால்தான் இந்த டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் கவுன்சலிங் கொடுக்கிறார்கள். ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்றும் டெஸ்ட் எடுப்பதில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியராக நான்சி வேலையைத் தொடர்ந்தார். காலம் போகப் போக அவர் நடையும் தள்ளாடத் தொடங்கியது. 2020-ல், 74 வயதில், 'எனக்கும் ஹன்டிங்டன் இருக்கிறது' என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த நோயை மறைத்து வைக்கும் வெட்கம் போக வேண்டும் என்பதற்காக!

ரத்தம் கொடுத்த ஏரிக்கரைக் குடும்பங்கள் பல இன்னும் வறுமையில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு உலகம் பட்ட கடன் தீரவில்லை.

இன்னிக்கு டி.என்.ஏ டெஸ்ட் கிட்டை போன்லயே ஆர்டர் பண்ணலாம். பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கோங்க: 'ரிசல்ட் வந்த மறுநாள் காலையில நான் என்ன பண்ணப்போறேன்?'