தெளுவும் கள்ளும்

பனை, தென்னை, ஈச்ச மரங்களிலிருந்து வடியும் இனிப்பு நீர் தானாகப் புளித்தால் கள். திராட்சைச் சாறு ஒயினாவதும் இதே வினையால்தான். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அதன் பிறகுதான் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன.

சேலம், நாமக்கல் சமவெளியில் பனை பாளை விட்டதும் மரமேறியின் வேலை தொடங்கும். பாளையை இதமாக நசுக்கிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் அதன் நுனியை மெல்லிய சீவலாக அரிவார். அரிய மறந்தால் வெட்டுவாய் அடைத்துக்கொண்டு நீர் நின்றுவிடும். பாளை நுனியில் கட்டிய மண்முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் கிடைப்பது தெளுவு. தென்மாவட்டங்களில் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் பெருக முடியாது. சுண்ணாம்பு இல்லாத முட்டியிலோ மரத்தில் தொங்கும்போதே நொதித்தல் ஆரம்பித்துவிடும். ஈஸ்டை யாரும் சேர்ப்பதில்லை. பாளையிலும் காற்றிலும், நேற்று இறக்கிய முட்டியின் சுவரிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. கூடவே லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. தெளிந்த நீர் வெள்ளையாகக் கலங்குவது பெரும்பாலும் இந்த உயிர்க்கூட்டத்தால்தான்.

பாளை நீரில் சர்க்கரை ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு. ஒரு நாளுக்குள் ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். அதற்குள் காற்றை நம்பி வாழும் அசிட்டிக் பாக்டீரியா புகுந்து ஆல்கஹாலைக் காடியாக மாற்றத் தொடங்குகிறது. காலையில் இனிப்பாக இருந்த கள் மாலையில் கடுத்து, மறுநாள் வாயில் வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

பழுத்த ஒயின் திராட்சையில் சர்க்கரை 20 விழுக்காட்டைத் தாண்டும்; ஆகவே ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 12 முதல் 14 விழுக்காடு வரை ஏறும். கருந்திராட்சையைத் தோலோடு சேர்த்துப் புளிக்கவைத்தால் சிவப்பு ஒயின். சாற்றை மட்டும் பிழிந்தெடுத்துப் புளிக்கவைத்தால் வெள்ளை. சர்க்கரை முழுவதும் தீர்ந்துபோனால் இனிப்பற்ற ஒயின். பிறகு காற்றுப் புகாமல் பீப்பாயிலோ புட்டியிலோ அடைப்பதால் காடிக்கு வழியில்லை. நல்ல ஒயின் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கள்ளுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. கள்ளை நாள் கடத்தி வைக்க ஒரு வழி, காய்ச்சி வடிப்பது. இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து சாராயம் அப்படித்தான் பிறக்கிறது.

கள்ளுக்கு எதிரான அரசியலும் சேலம், நாமக்கல் சமவெளியில் வேர்பிடித்தது. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே அங்கிருந்து 1929-இல் ‘விமோசனம்’ இதழ் வெளிவந்தது, உதவியாசிரியர் கல்கி. ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலில் அன்றைய சேலம் மாவட்டத்தில் அமலானது; நாமக்கல் அப்போது அதற்குள் இருந்தது. கள் வருவாய் போன இடத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பின்னர் பலமுறை தளர்ந்தது, இறுகியது. விற்பனை வரி மட்டும் நெடுங்காலம் விடவேயில்லை. தமிழகத்தில் கள்ளுக்கடைகள் 1987 முதல் மூடிக்கிடக்கின்றன. கேரளத்தில் அவை உரிமத்தோடு நடக்கின்றன.