பிக்கப் வண்டியில் பிரேக் பெடல் மெத்தென்று இறங்குதல்: காரணமும் பரிகாரமும்

பாலையும் காய்கறிகளையும் கிராமங்களிலிருந்து பட்டணத்திற்குக் கொண்டு செல்லும் பிக்கப் வண்டிகள் இக்காலத்தில் அநேக கூட்டுறவுச் சங்கங்களிடத்தும் விவசாயிகளிடத்தும் இருக்கின்றன. அவற்றை ஓட்டுவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. பிரேக் பெடலை அமுக்கினால் அது கெட்டியாக எதிர்த்து நில்லாமல், பஞ்சு மூட்டையை மிதித்தாற்போல் மெத்தென்று உள்ளே போகின்றது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால்தான் வண்டி நிற்கின்றது என்பதே அது. “பம்பிங் செய்து ஓட்டிக்கொள்ளலாம், ஐயா” என்று சொல்லி மாதக்கணக்காய்க் காலங்கடத்துவோரும் உளர். திடீரென்று ஒரு குழந்தையோ கன்றுக்குட்டியோ குறுக்கே வந்தால் இரண்டாம் முறை மிதிப்பதற்கு அவகாசம் ஏது?

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளையிலுள்ள பிரேக் ஆயில் அமுக்கப்படுகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். அவ்விதியின்படி அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களையும் அடைந்து, பிரேக் கட்டைகளைத் தட்டின்மீதோ டிரம்மின்மீதோ அழுத்துகின்றது. திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். குழாயினுள் சிறு காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், காலின் பலம் முதலில் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகின்றது. பிரேக் கட்டைகள் நகரும் தூரம் மிகவும் சொற்பமாகையால், சிறிதளவு காற்றே பெடலின் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

ஒரு பால் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தபோது, நான்கு மாதத்திற்குள் மூன்று முறை பிரேக் ஆயில் டப்பா வாங்கியதற்கு ரசீது இருக்கக் கண்டேன். தொகை சிறிது, ஆகையால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. எஞ்சின் ஆயிலைப்போல் பிரேக் ஆயிலும் செலவாகும் என்று டிரைவர் எண்ணியிருந்தார். அது அடைபட்ட அமைப்பு. அதில் ஆயில் செலவாவதற்கு வழியில்லை. முன்சக்கரக் கட்டைகள் தேயத் தேய மட்டம் சிறிது இறங்குவது இயல்பே. அதற்கு மேல் குறைந்தால் எங்கோ கசிகின்றது என்றே பொருள். பின்பக்க இடது டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கியபோது உள்ளே ஈரம் தேங்கியிருந்தது; லைனரும் நனைந்திருந்தது. மூன்று ரசீதுகளும் சொன்ன விஷயம் அதுவே. பின்சக்கரங்கள் இரண்டிற்கும் புதிய சிலிண்டரும் புதிய லைனரும் போடப்பட்டன. ஆயிலில் நனைந்த லைனரைத் துடைத்து மறுபடியும் மாட்டுவது கூடாது.

குறை எதுவென்று அறியும் சோதனைகள் எளியவை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் பூஸ்டரிலுள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் கெட்டிப்பட வேண்டும். அப்போதும் மெத்தென்றிருந்தால் காற்று இருப்பதாகக் கொள்ளலாம். பெடலை அமுக்கியபடியே எஞ்சினைக் கிளப்பினால் அது சற்றுக் கீழே இறங்கும். இது பூஸ்டர் நன்றாயிருப்பதற்கு அடையாளமேயன்றிக் குறையன்று. காலை ஒரே பலத்துடன் ஊன்றியிருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரைவரை இறங்குமாயின், வெளியே கசிவு இருக்க வேண்டும். வெளியே கசிவு காணாவிடின் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர்கள் கெட்டிருக்கும். முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாம் மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால், பின் டிரம்மில் இடைவெளி அதிகரித்திருத்தல் கூடும். சக்கரங்களுக்கருகிலுள்ள ரப்பர் குழாய்களையும், ஒருவர் மிதிக்க மற்றொருவர் பார்த்தல் வேண்டும்; பழைய குழாய் பலூன்போல் உப்பினால் அதை மாற்றாமல் வேறெது செய்தும் பயனில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 என்னும் வகை புதியதாயிருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாது. ஈரம் ஏறிய பிறகோ 140 டிகிரி வரை தாங்கினால் போதுமென்பதே அதற்குரிய தரம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அத்தகைய மலையிலிருந்து பாரத்துடன் இறங்குகையில் விடாது பிரேக் பிடித்தால் பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். மேட்டில் நன்றாயிருந்த பெடல் பாதி வழியில் தரையைத் தொடுவது இதனாலேயே. ஆகவே இரண்டு ஆண்டிற்கொருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வதும் அவசியம்.

காற்றை வெளியேற்றுவதற்கு இருவர் வேண்டும். முதலில் கசிவை நிறுத்த வேண்டும். கசிவிருக்கக் காற்றை எடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டதாகும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம். நம் நாட்டு வண்டிகளில் அது பின்பக்க இடது சக்கரம். வண்டியின் கைப்புத்தகம் வேறு வரிசை கூறினால் அதையே பின்பற்றுக. நிப்பிளில் கண்ணாடிபோன்ற ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய ஆயிலுள்ள புட்டியில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் பெடலை நிதானமாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடி, “விடலாம்” என்று சொன்ன பின்னரே காலை எடுக்க வேண்டும். மூடுமுன் எடுத்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். வேகமாக அடித்து மிதித்தால் ஆயில் நுரைத்துவிடும். பழைய வண்டியில் பெடலுக்கடியில் ஒரு மரத்துண்டு வைத்துத் தரைவரை போகாமல் தடுப்பது நலம். இல்லையேல் மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகத் தேயாத சொரசொரப்பான இடத்தில் வாஷர் உராய்ந்து கிழியக்கூடும். ஆயில் தொட்டி ஒருபோதும் வற்றலாகாது. வெளிவந்த ஆயிலை மீண்டும் ஊற்றுதல் கூடாது. எஞ்சின் ஆயிலை ஊற்றினாலோ ரப்பர் வாஷர்கள் யாவும் ஊதிக் கெடும்.

பின் அச்சில் பாரத்திற்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில், சட்டத்தை ஜாக்கியால் தூக்கி அச்சைத் தொங்கவிட்டால் ஆயில் சரியாக ஓடாது. அச்சுக்கடியிலேயே தாங்கல் கொடுக்க வேண்டும். ஏ.பி.எஸ். அமைப்புள்ள சில வண்டிகளில் அதனுள் தங்கிய காற்றை எடுப்பதற்குக் கம்ப்யூட்டர் கருவி தேவைப்படுவதால், அவற்றைப் பட்டறைக்கே கொண்டு செல்க.

வேலை முடிந்ததும் வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே பாரம் ஏற்றலாம். மேற்கூறிய சங்கத்தில் ஆயில் தொட்டியின் மட்டத்திற்கு நேரே ஒரு கோடு வரைந்து, வாரந்தோறும் பார்த்து வண்டிப் புத்தகத்தில் எழுதிவருமாறு டிரைவரிடம் சொல்லிவந்தேன். அடுத்த தணிக்கையில் அப்பக்கங்கள் யாவற்றிலும் “கோட்டில் உள்ளது” என்றே எழுதியிருந்தது. ஆயில் டப்பா ரசீது ஒன்றும் இல்லை.