மருந்து எட்டாத புழு

கல்முனைச் சந்தையில் பயற்றங்காய் வாங்குகிறவர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஓட்டைக்காகத்தான். புழு துளைத்த கட்டு மாலைவரை விலைபோகாது. மறுநாளே தோட்டக்காரர் மருந்தடிக்கும் டேங்கியைத் தோளில் மாட்டுகிறார். கௌபி, பயறு, உளுந்து என்று அம்பாறைக் கரையோரத்தில் அவரையினப் பயிர்கள் பல உண்டு. ஆனால் எனக்கு இந்தப் பச்சைக்காயைத் தாண்டிப் போக முடியவில்லை.

பயற்றங்காயும் கௌபியும் தாவரவியலில் ஒரே இனம். பீடைகளும் பெரும்பாலும் அவையே. காய்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி மொட்டிலும் பூவிலும் முட்டையிடும். பொரித்த புழு பூவுக்குள் புகுந்து, பூவையும் காயையும் நூலால் பின்னிக்கொண்டு உள்ளிருந்தே தின்னும். இளம்பயிரில் வரும் தண்டு ஈயின் புழுவோ இலையிலிருந்து காம்பு வழியே தண்டின் அடிக்கு இறங்கிவிடும். தண்டு வீங்கி வெடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். பயற்று வண்டு விதைக்குள்ளேயே வளர்ந்து, வட்டத் துளை போட்டு வெளியே வரும். மூன்றும் உள்ளே இருக்க, நாம் அடிப்பது வெளியே.

வெளியே அடித்தது எங்கே போகிறது? பயற்றங்கொடியில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே நேரத்தில் தொங்கும். பூப்புழுவுக்கு அடிக்கிற மருந்து நாளைக்குப் பறிக்கவிருக்கும் காயிலும் படும். அடித்து இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று போத்தலில் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஆனால் காயை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பறித்தாக வேண்டும். உலர்ந்த கௌபிக்காவது கோது ஒரு தடுப்பு. பயற்றங்காயைத் தோலோடு தின்கிறோம். 1995இல் மொனோகுரோட்டோபொஸ், 1998இல் என்டோசல்பான் ஆகிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த நாடு இலங்கை. 2021இல் விவசாய இரசாயன இறக்குமதியையே தடைசெய்து பின்வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். எதை விற்கலாம் என்பதைச் சட்டம் பார்க்கும்; இன்று அடித்து நாளை பறிப்பதை யார் பார்ப்பது?

பூக்கும்போது அடிக்காவிட்டால் பறிக்கக் காயே மிஞ்சாது என்பது விவசாயிகளின் வாதம். அதிலும் நியாயம் உண்டு.

ஆனால் வேறு வழிகளும் இருக்கின்றன. நெல் வெட்டியதும் கொளுத்துகிற வைக்கோலைப் பாத்தியில் பரப்பினால் தண்டு ஈயின் தாக்கம் குறையும். மண் அணைத்தால் தாக்கப்பட்ட செடியும் புதுவேர் விட்டுத் தப்பலாம். பின்னிய பூக்களைக் கிள்ளி அழிப்பது பெரிய தோட்டத்துக்குச் சரிவராது, வளவில் நாலு கொடி வைத்திருப்பவருக்குப் போதும்.

பயற்று வண்டு வயலிலேயே தொற்றும். காய்ந்த காயைச் செடியில் விட்டுவைத்தால் அதன்மேல் முட்டையிட்டு, மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும். முற்றியதும் பறித்து, நன்றாக வெயிலில் காயவைத்து, விதையில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய் பிசறிக் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தால் சமையலுக்கு மாதக்கணக்கில் இருக்கும். மருந்துக்கடைக்கு இதில் ஐந்து சதம் வருமானம் இல்லை. அங்கே போய்க் கேட்டால் இதைச் சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது.