சிறு விமானங்களின் எரிபொருளும் எஞ்சின் பராமரிப்பும்

விமானத்திற்கு எந்த எரிபொருளை இடுவது, அதன் எஞ்சினை எவ்வாறு பேணுவது என்பவை இரு வேறு வினாக்களாகத் தோன்றலாம். சிறு விமானங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதவை. எரிபொருள் மாறுமாயின் பராமரிப்பு முறையும் மாறுதல் வேண்டும்.

தேசிய மாணவர் படையினர் பறக்கப் பயிலும் வைரஸ் எஸ்.டபிள்யூ. விமானத்தில் பொருத்தப்பட்டிருப்பது, ஆஸ்திரிய நாட்டு ரோடாக்ஸ் நிறுவனத்தின் 80 குதிரைச் சக்தி கொண்ட 912 ரக எஞ்சினாகும். இதற்கு ஆக்டேன் எண் 90-க்குக் குறையாத பெட்ரோல் தேவை. இதே ரகத்தின் 100 குதிரைச் சக்தி எஞ்சினில் எரிகலவை மேலும் இறுக அமுக்கப்படுவதால் 95 தேவைப்படுகிறது. ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோலை இட்டால், கலவை சீராக எரியாமல் வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும்.

சாலையோரப் பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலை இடலாகாதா என்று சிலர் வினவக்கூடும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தப்பட்டுப் பின்னர் எங்கும் பரவியது. ரோடாக்ஸ் நிறுவனம் அனுமதிப்பதோ 10 சதவீதம் வரை மட்டுமே. ஆதலின், ஆக்டேன் எண் போதுமானதாயிருப்பினும் இந்தப் பெட்ரோல் வரம்பிற்குட்பட்டதன்று. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. ஈர்த்த நீர் மிகுந்து, எரிபொருளும் குளிருமாயின், நீரும் எத்தனாலும் ஒருசேரப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாய் தொடங்குவதும் அவ்விடத்திலேயே. பறக்கையில் எஞ்சின் நின்றுபோக இதுவே போதும்.

எத்தனால் கலப்பை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம். அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 10 பங்கு நீரும் 90 பங்கு பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி, அசையாது வைக்கவேண்டும். எத்தனால் இல்லையெனில் அடியிலுள்ள நீர் 10 பங்காகவே நிற்கும். இருப்பின் அம்மட்டம் உயரும். அருகில் நெருப்பு இருத்தல் கூடாது.

மற்றொரு எரிபொருள் விமானப் பெட்ரோலாகிய ஏவ்கேஸ் 100 எல்.எல். ஆகும். முன்னர் இறக்குமதி செய்யப்பட்டு வந்த இதனை, வடோதராவிலுள்ள தன் சுத்திகரிப்பு நிலையத்தில் தயாரித்து, இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. இதில் எத்தனால் இல்லை. ஆனால் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். இந்த ஈயம் முழுவதும் புகையுடன் வெளியேறுவதில்லை. ஒரு பகுதி ஸ்பார்க் பிளக்குகளிலும் வால்வுகளிலும் படிகிறது. ஒரு பகுதி எண்ணெயில் கலந்து, சாம்பல் நிறச் சேறாக எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்குகிறது. விசிறியைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டிக்கும் இதே எண்ணெயே செல்வதால், அங்கும் தீங்கு நேரும்.

ஆகவே, வழக்கமாக 100 மணி நேரத்திற்கொரு முறை எண்ணெய் மாற்றும் எஞ்சினில், ஈயப் பெட்ரோல் 30 சதவீதத்திற்கு மேற்படுமாயின் 50 மணி நேரத்திற்குள் மாற்றவேண்டும். அப்போது எண்ணெய்த் தொட்டியைக் கழுவுவதும், பழைய வடிகட்டியை அறுத்து உலோகத் துகள் உண்டா எனப் பார்ப்பதும் அவசியம். முழுச் செயற்கை எண்ணெய்க்கு ஈயத்தைத் தாங்கும் திறன் குறைவாதலால், பகுதிச் செயற்கை எண்ணெயே ஏற்றது. எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களை, வெளித்தோற்றம் நன்றாயிருப்பினும், 5 ஆண்டுகளுக்கொரு முறை மாற்றுதல் வேண்டும்.

இவையனைத்திற்கும் அடிப்படை பதிவேடாகும். ஒவ்வொரு முறையும் இட்ட எரிபொருளின் வகையும் அளவும் குறிக்கப்படாவிடில், 30 சதவீத வரம்பு கடந்ததா என்பதை எவரும் கணக்கிட இயலாது. பறந்த மணிகளை எழுதும் பக்கத்திலேயே இதனையும் எழுதிவரின், எண்ணெய் மாற்றவேண்டிய நாள் தவறாது தெரியவரும்.