பகலில் மட்டும் திறந்திருக்கும் காடு
ஆஸ்வால்ட் வெஸ்ட் மாநிலப் பூங்கா, ஆரிகன், அமெரிக்கா

இந்த மரத்தின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். காசு காசாகச் செதில் உரியும். கீழே உதிர்ந்த இலையை எடுத்தால் ஊசி போலக் குத்தும். இது சிட்கா ஸ்ப்ரூஸ். பசிபிக் கடலோர மழையிலும் மூடுபனியிலும் செழிக்கும் மரம்.

இடப்பக்கம் விழுந்து கிடக்கும் அடிமரம் செத்த கட்டை அல்ல. அதன் பாசியில் விரல் உயரக் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன, எண்ணிப் பாருங்கள். ஈரம் காத்து இவற்றை வளர்க்கும் நாற்றங்கால் அதுதான். அது மக்கி மறைந்தபின், வளர்ந்த மரங்கள் வேரைக் கால்களாக ஊன்றி நிற்கும்.

முன்பு இங்கே இரவில் கூடாரமடித்துத் தங்கலாம். 2008-இல் முதிர்ந்த ஸ்ப்ரூஸ் ஒன்று முகாம் திடலில் சாய்ந்தது. அதன்பின் மரங்களை விட்டுவிட்டு முகாமை மூடினார்கள். சரியான முடிவு.

பாதையின் முடிவில் கடற்கரை. ஆரிகனின் ஈரமணல் கரையை 1913-இல் சட்டப்படி பொதுப்பாதையாக்கிய ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட். பூங்காவுக்கு அவர் பெயர்தான்.

மார்பிள்டு மர்ரலெட் என்ற சிறு கடற்பறவை கடலில் இரை தேடி, இத்தகைய முதுமரங்களின் பாசி படர்ந்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். சிந்திய தின்பண்டத்துக்கு வரும் காக்கைகள் அந்த முட்டையையும் தின்றுவிடும். கொண்டுவந்த உணவில் ஒரு துணுக்கும் சிந்தாமல் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.