எதுக்களிப்பும் நெய்யூர் மருத்துவமனையும்

‘எதுக்களித்தல்’ என்று நம் வீடுகளில் வழங்கும் சொல் மிகப் பொருத்தமானது. கீழே போக வேண்டியது மேலே வருகிறது என்பதை ஒரே சொல்லில் அது உணர்த்திவிடுகிறது.

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்க அதன் உட்சுவருக்குக் கோழைப் பூச்சு உண்டு. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டும் கூடுமிடத்திலுள்ள வளையத்தசை, உணவை உள்ளே விட்டதும் இறுகிக்கொள்ளும். அது தளர்ந்தால் அமிலம் மேலேறும், நெஞ்சு எரியும், வாய் புளிக்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் குழாய் புண்ணாகி வடுவால் சுருங்கும். சிலருக்கு உட்படலமே மாறிப் புற்றுநோய்க்கும் வழி திறக்கும்.

அமிலத்தால் வரும் மற்றொரு நோய்க்கும் நம் மாவட்டத்துக்கும் பழைய தொடர்புண்டு. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் சென்ற ஆங்கில அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், பின்னர் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். இங்கு நோயாளர் கூட்டத்தைக் கண்டவர், இங்கேயே பல்லாண்டுகள் பணியாற்றினார். முன்சிறுகுடல் புண் தென் திருவிதாங்கூரில் மிகுதியாயிருப்பதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தார். மரச்சீனிக் கிழங்கையே நம்பி வாழ்ந்த ஏழைகளின் சத்துக்குறைவு மீது அன்று ஐயம் எழுந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டிய பின்னரே கதை மாறியது. அன்று கத்தி தேவைப்பட்ட புண்ணை இன்று பெரும்பாலும் மாத்திரைகளே ஆற்றுகின்றன.

எதுக்களிப்புக்கு அக்கிருமி காரணமன்று. மரச்சீனியையும் மீன்கறியையும் மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமன்று. இரவு பத்து மணிக்கு வயிறு முட்ட உண்டு உடனே பாய் விரிப்பதே பெரிய குற்றம். உணவுக்கும் உறக்கத்துக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தம் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. உடல் எடை குறைய வேண்டும். புகையும் மதுவும் அறவே ஆகா. கட்டன்சாயா சிலருக்கு ஒத்துக்கொள்ளாது; அவரவர் பார்த்துக்கொள்க.

ஓமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை உணவுக்கு அரைமணி முன்பே விழுங்க வேண்டும். இவை அமிலத்தைக் குறைக்கும். தளர்ந்த தசையை இறுக்கா. மருத்துவரைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் உண்பதும் முறையன்று.

விழுங்கும்போது உணவு அடைத்தாலோ, மலம் கறுத்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். நெஞ்சுவலி தாடைக்கோ இடக்கைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், ‘கேஸ்தான்’ என்று சோடா உடைத்துக் குடித்துக் காலம் கடத்தலாகாது. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.